காலில் ஒட்டிய மண்

முத்துசாமி மாமாவின் தர்பூசணிக் கொடிகள் மத்தியானத்தில் வாடின. வெயில்தானே என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் பொழுது சாய்ந்தும் அவை நிமிரவில்லை. மறுநாள் இன்னும் ஒரு வரிசை படுத்துவிட்டது.

வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்தார். ஊரே கூடியது. ஐந்தாவது படிக்கும் ஹெலனும் வெறுங்காலோடு நிலத்துக்குள் போய் நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை வேடிக்கை பார்க்காமல் போகுமா?

அந்த அம்மா ஒரு தண்டைப் பிளந்து காட்டினார். உள்ளே பழுப்பாகக் கோடு ஓடியது.

"இது பூஞ்சணம். ஊறுகாய் மேல வெள்ளையா பூக்குமே, அந்த மாதிரி. ஆனா இது மண்ணுல ஒளிஞ்சிருக்கும். வேர் வழியா நுழைஞ்சு, கொடி தண்ணி குடிக்கிற குழாயை அடைச்சிடும்."

"மருந்து அடிச்சா போவாதா?" என்று யாரோ கேட்டார்.

"வாடின கொடி பிழைக்காது. பக்கத்து நிலத்துக்குப் பரவாம பாத்துக்குங்க. மண்வெட்டியில, கால்ல ஒட்டின மண்ணு போதும்."

முத்துசாமி மாமா காதில் எதுவும் ஏறவில்லை. வாடிய கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெலன் காதில் எல்லாம் விழுந்தது. குனிந்து பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் மண்.

பக்கத்து நிலம் அவள் அப்பா சாமுடையது; ஹெலனுக்கு அவர் நைனா. இத்தனை வருஷமும் கூலிக்குப் போனவர், இந்த வருஷம்தான் குத்தகைக்கு எடுத்து, தனக்கென்று பயிர் வைத்திருந்தார். காய்கள் தேங்காய் அளவுக்கு வந்திருந்தன. வீட்டுக்குப் போகும் வழி அந்த நிலத்தின் நடுவேதான்.

ஹெலன் காலைக் கழுவலாம் என்று வாய்க்காலுக்கு ஓடினாள். காலை வைக்கப் போனவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அந்தத் தண்ணீர் நேராக நைனாவின் கொடிகளுக்குத்தான் பாய்கிறது.

"ஹெலனு, இன்னா அங்கியே நின்னுகினு கீற? வூட்டுக்கு வா," என்று நைனா தன் நிலத்திலிருந்து கூப்பிட்டார்.

"வர மாட்டேன் நைனா. நீயும் இங்க வராத."

புதிதாக அகலப்படுத்திய கடலோர ஈ.சி.ஆர். ரோட்டுக்கு ஓடினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் அடிபம்பு இருந்தது. அங்கே கழுவும் தண்ணீர் கடற்கரை மணலில் போய்விடும். கல்லால் பாதத்தைத் தேய்த்தாள். தோல் எரிந்தது. பயம் மட்டும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாததை எவ்வளவு நேரம் தேய்ப்பது?

நிமிர்ந்தால், எதிரே முத்துசாமி மாமா ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தார். தோளில் இரவல் வாங்கிய மண்வெட்டி. நைனாவிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறார். மண்வெட்டியிலும் மண், காலிலும் மண்.

நைனாவுக்கு விதை பொறுக்கிக் கொடுத்தவரே இந்த மாமாதான். வராதீர்கள் என்றால் மனசு உடைந்துபோவார். சொல்லாவிட்டால் நைனாவின் கொடிகள் போய்விடும்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"மாமா, பம்பாண்ட வாங்க. கால் கழுவிட்டு எங்க நெலத்துக்குப் போலாம்."

"இன்னா பாப்பா இது புதுசா?"

"வூட்டுக்கு வர்றவங்களுக்குத் தண்ணி குடுப்போம் இல்ல? அது மாதிரிதான். நானும் இப்பதான் கழுவினேன்."

மாமா அவளுடைய சிவந்த பாதத்தைப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். அந்த அம்மா சொன்னது இப்போதுதான் உறைத்தாற்போல மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். திட்டப்போகிறார் என்று ஹெலன் பயந்தாள்.

"அடி, பாப்பா," என்றார் மாமா, பம்பைக் காட்டி. காலையும் மண்வெட்டியையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். "வராதன்னு நீ சொல்லியிருந்தா தாங்கியிருக்க மாட்டேன்."

அதன் பிறகும் ஒவ்வொரு மத்தியானமும் ஹெலனுக்குத் திகில்தான். சாயந்திரம் கொடிகள் நிமிர்ந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அறுவடை நாளில் வியாபாரி பூட்ஸ் காலோடு வந்தார். நிலத்து முனையில் ஒரு பக்கெட்டோடு முத்துசாமி மாமா நின்றிருந்தார்.

"கால நீட்டு அண்ணாத்த."

"இன்னாய்யா, இது கோயிலா?"

"சாமோட நெலம். பாப்பா உத்தரவு."

நைனா முதல் பழத்தை அறுத்து முதல் துண்டை மாமாவிடம் நீட்டினார். மாமா கடித்தார். சிவப்புச் சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது.

"இதையும் கழுவணுமா பாப்பா?"

"இதுக்கு வேணாம் மாமா," என்றாள் ஹெலன்.