ஓட்வாரின் காரில் ஒரு ஓட்டை

நேற்று வெல்டிங் வைத்து அடைத்த ஓட்டை இன்று திறந்திருந்தது.

ஆஸ்கெய்ர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி கைவிளக்கை நெருக்கிப் பிடித்துப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தகடு வெட்டி வைத்து, சுற்றிலும் பற்றவைத்து, கிரைண்டரால் தேய்த்து, விரலால் தடவியும் பார்த்த பிறகுதான் நேற்று வீட்டுக்குள் போயிருந்தார். இப்போது அந்தத் தகடு அங்கே இல்லை. கழன்று கீழேயும் கிடக்கவில்லை. ஓட்டையின் விளிம்பு பல வருடம் கடலில் கிடந்த இரும்பைப்போல் பொரிந்து, தொட்டதும் செதில் செதிலாக அவர் முகத்தில் உதிர்ந்தது.

ஜனவரி. மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் மலைகளுக்கு நடுவே நீண்டு கிடந்த ஃபியோர்டுக் கடலின் மேல் இருட்டிவிட்டது. கொட்டகையின் தகரக் கூரையில் ஈரப்பனி பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் அடுப்பின் வாடைக்கும் பெயிண்ட் வாடைக்கும் அடியில், எத்தனை முறை கழுவியும் போகாத கடல்பாசி நாற்றம்.

அவருடைய தம்பி ஓட்வாரின் கார் அது. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அதன் அடித்தரையைத் தின்றிருந்தது. அவன் அதைச் சரிசெய்யக் கொண்டுவந்தபோதே அரித்ததை வெட்டி எறிந்துவிட்டுப் புது இரும்பு வைத்திருக்க வேண்டும். அந்த வாரம் பார்த்து காட் மீன் கரையோரம் வந்திருந்தது. ஆஸ்கெய்ருக்குப் படகை எடுக்கும் அவசரம். ஓட்டைகளில் கம்பி வலையைத் திணித்து, மேலே தட்டைத் தகட்டால் பட்டிப் பசையை அப்பி, கறுப்புத் தாரை அடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டார். ஓட்வார் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நீ பாத்தாச்சுல்ல, அது போதும்ணா" என்றான்.

படகுத்துறை வளைவில் பனிக்கட்டி வழுக்கி கார் கடலுக்குள் போனது. பெரிய ஆழமில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நாய் உடைந்த ஜன்னல் வழியாக நீந்திக் கரையேறிவிட்டது. ஓட்வாரின் இருக்கையோ தரையைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கி அவன் கால்களைக் கவ்விக்கொண்டது; அவன் உயிரோடு வெளியே வரவில்லை. மோதிய வேகத்தில் பெயர்ந்திருக்கும் என்றார்கள். ஊரே பனியைத்தான் திட்டியது.

காரைப் பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை என்று ஓட்வாரின் மனைவி குன்வோர் சொன்னபோது, தானே சரிசெய்து தருவதாக ஆஸ்கெய்ர் முந்திக்கொண்டார். வேறு யாரும் அதன் அடியைப் பார்த்துவிடக் கூடாது.

கொட்டகையின் கதவு திறந்தது. குன்வோர் காப்பிக் குடுவையோடு வந்து நின்றாள். வந்தால் எப்போதும் காருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள். கொஞ்ச நேரம் பனியைப் பற்றியும், சாப்பிடாமல் கிடக்கும் நாயைப் பற்றியும் பேசினாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"ஒண்ணு கேக்கணும், ஆஸ்கெய்ர். நாய் வெளிய வந்துச்சே, அவரால ஏன் வர முடியல?"

சொல்லிவிடலாம். வாய் திறந்துவிட்டது.

"ஐஸ்தாம்மா. வேற ஒண்ணுமில்ல."

அவள் தலையசைத்தாள். "நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிக் குடுவையை வைத்துவிட்டுப் போனாள். அவள் அவ்வளவு சுலபமாக நம்பியது, அறைந்திருந்தால்கூட வலிக்காத அளவுக்கு வலித்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. இரும்பில் தகடு உரசும் சத்தம். சர்ர்ர்... சர்ர்ர். காருக்குள் இருந்து வருவதுபோல் இருந்தது.

விளக்கைக் காரின் அடியிலேயே விட்டுவிட்டு எழுந்து, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, மேலிருந்து பார்க்கலாமென்று உள்ளே ஏறி, இருக்கைகளைக் கழற்றிவைத்திருந்த தரையில் மண்டியிட்டார். கீழே கிடந்த விளக்கின் வெளிச்சம், அவர் அடைத்தது அடைக்காதது என்று தரையிலிருந்த எல்லா ஓட்டைகள் வழியாகவும் மேலே வந்தது. பச்சை வெளிச்சம். அலைந்தது. தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் அலைந்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினார். அசையவில்லை. நாய் தப்பிய ஜன்னலில் அவரே மாட்டியிருந்த புதுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டினார். அடுப்பு இல்லை. சுவர் இல்லை. கறுப்பு, குளிர்ந்த கறுப்பு, கண்ணாடியை வெளியிலிருந்து அழுத்தியது.

சர்ர்ர்.

முன்னால் இருந்த ஓட்டை அணைந்தது. பக்கத்து ஓட்டையை நோக்கிக் குனிந்தார். அந்தப் பக்கம் ஒரு கை. ஊறி வெளுத்த கை. வீங்கிய சதைக்குள் கல்யாண மோதிரம் புதைந்திருந்தது. பட்டித் தகட்டைப் பிடித்திருந்தது. அள்ளியது. அப்பியது. இழுத்தது. அந்த ஓட்டையும் அணைந்தது.

"ஓட்வார்" என்றார் ஆஸ்கெய்ர். மூச்சு வெள்ளையாக வந்தது. "ஐஸ் இல்லடா. நான்தான். நான்தான்டா."

சத்தம் நின்றது.

கூரையில் பனி விழும் ஓசைகூட இல்லை. கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்.

சர்ர்ர்.

ஒவ்வொன்றாக. பொறுமையாக. ஒரு இடம் விடாமல்.

கடைசி ஓட்டையின் வெளிச்சம் பட்டாணி அளவுக்குச் சுருங்கியது. அதன்மேல் வெளியிலிருந்து வெளிறிய கட்டைவிரல் ஒன்று வந்து, எந்த அவசரமும் இல்லாமல், ஓரங்களை வழித்துவிட்டுக்கொண்டிருந்தது.