செப்டம்பர் முப்பத்தொன்று

பல்கலைக்கழக நூலகத்தின் பழைய கட்டடத்தில் பன்னிரண்டு வருடமாக ஒரே வகுப்பை எடுத்துவருகிறேன். படித்ததையெல்லாம் நம்பக் கூடாது என்பதுதான் பாடம். முதலாண்டுப் பிள்ளைகள் நாற்பது பேர் வருவார்கள். எருது ஈன்றது என்றால் கொட்டகையில் கட்டு என்கிற ரகம். கைப்பேசியில் வந்துவிட்டால் போதும், வேதவாக்கு. அவர்களுக்காகச் சுவரில் மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். யார் சொன்னது? எப்போது? வேறு யார் சொன்னார்கள்?

பயிற்சிக்கென்று முதல் வருடமே ஒரு பொய்ச் செய்தியை நானே தயாரித்தேன். பார்த்தால் பழைய நாளிதழ்த் துணுக்கு போலவே இருக்கும். நூலகக் கீழ்த்தளத்தில், நான்காம் வரிசையில், கதவு தானாகப் பூட்டிக்கொண்டு ஒரு மாணவி மூச்சுத் திணறி இறந்தாள். நேரம் மாலை நாலு பத்து. கூடவே ஒரு படம். அலமாரிகளுக்கு நடுவே முதுகு காட்டி நிற்கும் பெண், இடுப்புவரை ஒற்றைப் பின்னல். அது இருபது வயதில் நான்தான். ஓசியில் கிடைத்த முதுகு. வருடத்தைப் போடாமல் விட்டேன். பிள்ளைகள் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டுமே என்று ஒரே ஓர் ஓட்டையை மட்டும் வைத்தேன். அவள் இறந்த நாள் செப்டம்பர் 31. அப்படி ஒரு நாள் எந்தக் காலண்டரிலும் கிடையாது.

இந்த வருடம் என் மகளும் இங்கேயே, வேறு துறையில், முதலாண்டு சேர்ந்தாள். அவளுக்கும் என்னைப் போலவே பின்னல். வகுப்புக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல் கண்டதால், பயிற்சித் தாள்களை அச்சடித்துக் கொண்டுவந்தது அவள்தான்.

வகுப்பு முடிந்த அன்று, மூன்றரை மணிக்குத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். 'செய்தி உண்மை' என்றது முதல் தாள். இரண்டாவதும் அப்படியே. பத்தாவதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளைக்குமா கண் இல்லை? முப்பத்தேழாவது தாளில், மூன்றாவது கேள்விக்குக் கீழே, பென்சிலில் எழுதியிருந்தது:

'கீழ்த்தளத்தில் ஓர் அக்கா இருக்கிறார். அவரிடமே கேட்டேன். இன்னும் நடக்கவில்லை, இன்றைக்குத்தான் என்றார்.'

குறும்பு என்று சிரித்துவிட்டேன். மதிப்பெண்ணைக் குறைக்கப் பேனாவை எடுத்தபோதுதான் மேலே அச்சாகியிருந்த துணுக்கைக் கவனித்தேன்.

செப்டம்பர் 30.

அன்றைய தேதி.

மகளை அழைத்தேன். காய்ச்சல் மயக்கத்தில் நான் தப்பாக அடித்துவிட்டதாக நினைத்தாளாம். "செப்டம்பர்ல ஏதும்மா முப்பத்தொண்ணு? நான்தான் சரி பண்ணேன்" என்றாள் பெருமையாக. எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"கீழ்த்தளத்துல. யாரோ ஒரு அக்கா புக் எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. கதவுதான் ஏனோ பூட்டிக்கிச்சு."

இணைப்பு அறுந்தது. மணி மூன்று ஐம்பது.

கவுண்டரில் இருப்பவரை நாங்கள் முத்திரை அண்ணன் என்போம். தினமும் தேதி முத்திரையை ஒரு தாளில் குத்திப் பார்க்காமல் டீகூடக் குடிக்க மாட்டார். சாவியோடு அவரையும் இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே ஈரத்தாளும் பழைய பசையும் கலந்த வாடை. சாவி சுழன்றது. கதவு அசையவில்லை. அண்ணன் தோளால் இடித்தார். உள்ளே என் மகள் இருமுவது கேட்டது. பிறகு, கதவுக்கு மிக அருகில், இன்னொரு குரல்.

"இன்னும் பத்து நிமிஷம்."

அது என் குரல். இருபது வயதில் எனக்கிருந்த குரல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருடமாகத் துணுக்கிலிருந்தவள் சாகாமல் இருந்ததற்குக் காரணமே அந்த ஓட்டைதான். இல்லாத நாளில் எப்படிச் சாக முடியும்? என் மகள் அதை அடைத்துவிட்டாள். இப்போது அந்தச் செய்தியில் பொய் என்று எதுவுமே மிச்சமில்லை.

அண்ணனை விடாமல் இடிக்கச் சொல்லிவிட்டு மேலே ஓடினேன். சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு தாளிலும் 30ஐ அடித்து 31 என்று எழுதினேன். முப்பத்தொன்பது தாள்கள்தான் இருந்தன. நாற்பதாவதைக் காணோம். மேசைக்கு அடியில், என் செருப்புக்குக் கீழேயே கிடந்தது. எழுதி முடித்தபோது மணி நாலு ஒன்பது.

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மகளைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார் அண்ணன். தாள்களைக் கிழிக்கவும் பயம். இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அன்றிரவு தூங்கப்போகும் முன் மகள் சொன்னாள்.

"அந்த அக்கா கோபப்படலம்மா. சரி, அப்ப நாளைக்குன்னாங்க."

நாளைக்கு அக்டோபர் ஒன்று, முப்பத்தொன்று வரவே வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, காய்ச்சல் மாத்திரையை விழுங்கினேன். அடித்துப்போட்டது போல் தூங்கிவிட்டேன். விழித்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மகள் எப்போதோ வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள். கிடைத்ததை உடுத்திக்கொண்டு ஓடினேன்.

நூலகத்தில் முத்திரை அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு தாள், அது நிறைய முத்திரை.

"காலையிலேருந்து இப்படித்தான் மேடம். எத்தனை தடவை திருப்பினாலும் இங்கயே வந்து நிக்குது."

செப்டம்பர் 31. செப்டம்பர் 31. செப்டம்பர் 31.

பழைய முத்திரை, சக்கரம் தேய்ந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். யார் சொன்னது? ஒரு ரப்பர் முத்திரை. எப்போது? இப்போது.

மூன்றாவது கேள்வி பாக்கியிருந்தது. வேறு யார் சொன்னார்கள்?

பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. மகளின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. அதன் மேலே செப்டம்பர் 31, மாலை 4.10. அலமாரிகளுக்கு நடுவே முதுகு காட்டி நிற்கும் பெண், இடுப்புவரை ஒற்றைப் பின்னல்.

இந்த முறை அது என் முதுகு இல்லை.