தோளில் விட்ட பட்டை

சங்கவையின் இருதயத்தை மாற்ற இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

செவ்வாயின் நிலவறை நகரங்களில் கல்யாணப் பேச்சில் நிழற்படம் கேட்பது குற்றம். வெளித்தோற்றத்தைக் கொண்டு மனிதரை எடைபோடும் காலம் பூமியோடு போய்விட்டது என்று பள்ளிப் பாடத்திலேயே இருந்தது. அதனால் இரு வீட்டாரும் வெட்டுத்தோற்றப் படங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். தோலை நீக்கி, நுரையீரல், ஈரல், மூட்டு எல்லாவற்றையும் அளவு பிசகாமல் காட்டும் படம். முகம் இருக்காது. பெரியவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, யாரோ ஒருத்தியின் கணையத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் கருத்துச் சொல்வார்கள்.

சங்கவை அத்தகைய படங்களை வரைபவள். பூமியிலிருந்து வந்த பழைய கார்ப் படங்களைப் பார்த்துத் தொழிலைக் கற்றாள். எஞ்சின், கியர் பெட்டி, இருக்கைக்குள் இருக்கும் சுருள்வில் வரை அறுத்துக் காட்டியிருப்பார்கள். ஆனால் கதவோரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வண்ணம் பூசிய தகட்டை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். அந்தப் பட்டை இல்லாவிட்டால் படம் வெறும் உதிரிபாகக் குவியல், இருந்தால் கார். இதைக் கண்டுகொண்ட நாளில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பின் அவள் வரைந்த ஒவ்வொருவர் தோளிலும் ஒரு விரல் அகலத் தோல் மிஞ்சியது. சட்டம் அந்த அளவுக்கு அனுமதித்தது.

தன் படத்தையும் அவளே வரைந்தாள். முதலில் வந்தவர்கள் சிறுநீரகம் பழைய மாடல் என்றார்கள். மாற்றினாள். அடுத்து வந்தவர்கள் முழங்காலில் தேய்மானம் என்றார்கள். அதையும் மாற்றினாள். மூன்றாவதாக, மகனுக்குப் பெண் தேடிய புஷ்பவல்லி, "இருதயம் பொறந்தப்ப இருந்ததேவா?" என்று இழுத்துவிட்டு, வேண்டாமென்று சொல்லியனுப்பினாள்.

"அதையும் மாத்திட்டா உன்னோடதுன்னு என்னடி மிஞ்சும்?" என்றாள் அம்மா.

"தோல் இருக்கும்ல."

"வாய் வேற. அந்தப் பொம்பளகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ. அப்புறம் மூளை சரியில்லன்னா நான் எங்க போய் வாங்குவேன்?"

சங்கவைக்குப் பேசக் கூச்சம். மூன்று முறை எண்ணைப் போட்டு மூன்று முறையும் அணைத்தாள். நான்காம் முறை அணைப்பதற்குள் புஷ்பவல்லி எடுத்துவிட்டாள். சட்டப்படி குரல் மட்டும்.

"ஆன்ட்டி, நாளைக்கு ஆபரேஷன். இருதயத்தை மாத்திட்டா வேற குறை இல்லையே? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாதாம்."

"ஐயோ, அதை எதுக்கும்மா எடுக்கிற? ஜம்முனு இருக்கு. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னது."

"அப்ப ஏன் வேண்டாம்னீங்க?"

இருவர் தலைக்கு மேலும் இருநூறு அடிப் பாறை. அந்த ஊரில் பிறந்த ஒருவரும் வெயிலைக் கண்டதில்லை.

"தப்பா எடுத்துக்காத கண்ணு," என்றாள் புஷ்பவல்லி. "உள்ள எல்லாம் தங்கமாத்தான் இருக்கு. தோள்ல ஒரு பட்டை விட்டிருக்கியே... நீ கொஞ்சம் கறுப்பும்மா."