கை மாறிய துடிப்பு

மழை வருமுன் மொட்டை மாடித் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடி இறங்கியவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு தெறித்தது. மணிக்கட்டில் இருந்த வாட்சோ மெல்ல அதிர்ந்து, நாடித்துடிப்பு குறைகிறது என்றது.

"ஓட்டை வாட்ச்!" என்று துணிக்குவியலைச் சோபாவில் போட்டாள்.

உண்மையில் அது அவளுடையதே அல்ல. கணவருக்கு இதய ஆபரேஷன் ஆனபோது வெளிநாட்டு மகள் வாங்கி அனுப்பியது. அவருடைய துடிப்பு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் அளந்து, செல்போன் வழியாக ஆஸ்பத்திரியின் கண்காணிப்பு அறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அவர் உடம்புக்கென்றே போட்ட எல்லையை எது தாண்டினாலும் அங்கிருக்கும் நர்ஸ் கூப்பிடுவாள். "மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி இது எதுக்கு எனக்கு?" என்று அவர் அன்றைக்கே கழற்றிப் போட்டுவிட்டார். மகள் தவித்துப்போவாளே என்று இவள் எடுத்துக் கட்டிக்கொண்டாள். அவர் நடக்க வேண்டிய நடையையும் இவளே நடந்தாள். "அப்பா கலக்குறீங்க!" என்று மகளிடமிருந்து மெசேஜ் வரும்போதெல்லாம் அவர் மீசைக்குள் சிரிப்பார். கிராதக மனுஷன்.

வானம் இருட்டிக்கொண்டு வந்ததில் ஹால் மங்கிக் கிடந்தது. குளியலறைக் கதவின் அடியில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம். உள்ளே குழாய் ஓடும் இரைச்சல், சோப்பு வாசனை, அதற்கடியில் ஈரத்தில் ஊறிய துருவின் வாடை. அவர் குளிக்கப் போனால் லேசில் வெளியே வர மாட்டார் என்பதால் அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

செல்போன் அடித்தது. நர்ஸ்தான்.

"அம்மா, சார் பக்கத்துல இருக்காரா? பல்ஸ் ரொம்ப இறங்குது."

உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிடமே மகளுக்குப் போய்விடும். இத்தனை மாதப் பொய்யும் சந்தி சிரித்துவிடும்.

"வாட்ச் லூஸா இருக்கும்மா. அவர் குளிச்சிட்டிருக்கார்."

"எதுக்கும் ஒரு குரல் குடுத்துப் பாருங்க."

போனைக் கையில் பிடித்தபடியே போய்க் கதவைத் தட்டினாள். "என்னங்க?"

"வர்றேன், போ."

அதே அலுப்பு, அதே அதட்டல். அப்பாடா. "பேசுறாரும்மா. நல்லாத்தான் இருக்கார்."

"பேசினாரா? எனக்குத் தண்ணி சத்தம் மட்டும்தானே கேட்டுது."

வாட்ச் மறுபடி அதிர்ந்தது. எண் இன்னும் கீழே. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"கோச்சுக்காதம்மா. அந்த வாட்ச் என் கையிலதான் இருக்கு. அவர் ஒரு நாள்கூடக் கட்டினதில்லை."

நர்ஸ் படபடத்தாள்: "ஐயோ, அப்ப இது உங்க பல்ஸ்! ஆம்புலன்ஸ் அனுப்புறேன். எங்கேயும் நடக்காதீங்க, உட்காருங்க!"

"எனக்கென்ன? நெஞ்சு திக்குத்திக்குன்னு அடிச்சுக்குது."

"சொன்னாக் கேளுங்கம்மா, உட்காருங்க."

உட்கார்ந்தாள். வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தாள். தோலைவிட்டு எடுத்தால் எண் அணைந்துவிடும், எப்போதும் அப்படித்தான். இப்போது அணையவில்லை. வெறும் பலகையின் மேல் கிடந்தபடி அது ஒரு இதயத்தை எண்ணிக்கொண்டிருந்தது, இழுத்து இழுத்து, நடுநடுவே தயங்கி, இறங்கிக்கொண்டே.

இவளுடையது இல்லை. அப்படியென்றால் யாருடையது?

அப்போதுதான் குழாய்ச் சத்தம் மாறியிருப்பது உறைத்தது. தண்ணீர் வாளியில் விழவில்லை. தரையிலும் விழவில்லை. மெத்தென்ற எதன் மேலோ விழுந்துகொண்டிருந்தது.

ஓடினாள். "கதவைத் திறங்க!"

"வர்றேன், போ."

அதே அலுப்பு. அதே அதட்டல். ஒரு இழை பிசகாமல்.

தோளைக் கதவில் சாய்த்தவள் அப்படியே நின்றாள். பேசுகிற மனுஷனுக்கு என்ன ஆகிவிடும்? குளிக்கும்போது கதவை உடைத்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவாரே. அவர் நன்றாக இருக்கிறார் என்று நம்ப அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அந்தக் குரல் அதைத்தான் சொன்னது. அதனால்தான் நின்றாள்.

"என்னங்க... ஒரே ஒரு தடவை வேற ஏதாவது சொல்லுங்க."

"வர்றேன், போ."

கையிலிருந்த போனில் நர்ஸின் குரல் நடுங்கியது. "அம்மா... பல்ஸ் நின்னுபோச்சு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்க எப்படிப் பேசுறீங்க?"

"வர்றேன், போ."

இந்த முறை மிக அருகில். மரக்கதவுக்கு அந்தப் பக்கம். அவள் காதுக்கு நேரே.

இடித்தாள். மறுபடி இடித்தாள். தாழ்ப்பாளின் திருகு பிய்த்துக்கொண்டது. கதவு திறந்தது, சுவரில் போய் முட்டாமல் எதன் மேலோ இடித்து நின்றது.

அவர் கதவுக்கு எட்டாமல், குழாயடித் தரையில் குப்புறக் கிடந்தார். பிடரியில் குழாய்த் தண்ணீர். நீர்போகும் துவாரத்தைத் தோள் அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீருக்குள் மூக்கும் வாயும். ஒரு குமிழிகூட இல்லை.

புரட்டி மடியில் போட்டாள். கனத்தார். நீலம் பாரித்த உதடு. பல் கிட்டியிருந்தது. "ஐயோ, முதல்லயே உடைச்சிருக்கணுமே, என் ராசா, முதல்லயே உடைச்சிருக்கணுமே" என்று அவர் நெஞ்சில் அறைந்து அறைந்து அழுதாள்.

முதுகுக்குப் பின்னால் கீல் கிறீச்சிட்டது.

கதவு மெல்ல நகர்ந்து சாத்திக்கொண்டது. இத்தனை நேரம் அதற்குப் பின்னால் ஏதோ ஒண்டியிருந்த இடத்திலிருந்து, அவர் குரலில், அதே அலுப்போடு:

"வந்துட்டேன்."

மடியில் கிடந்த வாய் மூடியேதான் இருந்தது.