அஞ்சலாட்சிக்குச் செய்த வானம்

விழுப்புரத்திலிருந்து வந்த பஸ் என்னைப் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபோது மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. குடையை விரித்துக்கொண்டு போய் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். முதலியார்பேட்டை போய்ச் சேரும் வரை என் தங்கை புருஷன் ராஜ்கமலின் கைவேலைதான் வழிநெடுகக் கண்ணில் பட்டது. எல்லாம் கண்ணீர் அஞ்சலி பேனர்கள்.

மற்ற ஊர்களில் செத்தவர் படத்துக்குப் பின்னால் நீல வானமும் நாலு புறாவும் போடுவார்கள். ராஜ்கமல் போடுவது வேறு. ஊதா நிற ஆகாயம், இரண்டு சூரியன், வளையம் கட்டிய கோள்கள், பள்ளத்திலிருந்து மேல்நோக்கிக் கொட்டும் அருவி. நடுவில் அந்தரத்தில் மிதக்கும் ஒரு கண்ணாடிப் பாறை. அதன்மேல் காலஞ்சென்றவர் கும்பிட்டபடி சிரிப்பார். முதலில் பொழுதுபோக்காகத்தான் இந்த விண்வெளிக் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்தான். ஒருமுறை யாரோ ஒருவர் சாவுக்கு அதையே பின்னணியாக வைத்தான். அதிலிருந்து இந்த ஊரில் யார் செத்தாலும் ராஜ்கமல் செய்த வானத்தில்தான் நிற்க வேண்டும் என்றாகிவிட்டது.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். எனக்கு அந்தப் படங்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் விழ வேண்டிய நிழலை சூரியன் பக்கமே போட்டு வைத்திருக்கிறாயே என்று ஒருமுறை கேட்டேன். அவன் சிரித்தான்.

"அழகா இருக்குதுல்ல அக்கா, அது போதும். செத்தவங்க வந்து கம்ப்ளெயிண்டு குடுக்கப் போறாங்களா?"

பக்கத்திலிருந்த கவிநிலாவும் சிரித்தாள். அம்மா போன பிறகு நான் இடுப்பில் வைத்து வளர்த்த தங்கை. அவள் சிரித்ததைப் பார்த்து நானும் விட்டுவிட்டேன்.

இப்போது அவனே போன் செய்து வரச் சொல்லியிருந்தான். கவி சாப்பிடுவதில்லையாம், கட்டிலைவிட்டு இறங்குவதில்லையாம்.

மில் ஆட்களுக்காகக் கட்டிய ஓட்டு வீடுகள் அவை. மில் மூடிவிட்டது, வீடுகள் மட்டும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தபடி நிற்கின்றன. முன் அறையில் அவன் கம்ப்யூட்டர், பின் அறையில் குடித்தனம். கதவைத் தள்ளியதும் வழக்கமான பேனர் மை நாற்றம் அடித்தது. அதற்கடியில் வெல்டிங் பட்டறையில் வருவதுபோல் சுட்ட இரும்பு வாடை. அதற்கும் அடியில் மீன் வாடை. அடுப்படியைப் பார்த்தேன். அடுப்புப் பற்றவைத்தே இரண்டு நாள் ஆனதுபோல் இருந்தது.

பின் அறைக்குள் காலெடுத்து வைத்ததும் என் வளையல் சத்தம் நின்றுவிட்டது. வளையல்கள் ஒன்றோடொன்று மோதுவது தெரிகிறது, சத்தம் மட்டும் எங்கோ பத்து வீடு தள்ளிக் கேட்பதுபோல் இருந்தது. காற்று இல்லாத இடத்தில் ஒலி பரவாது என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதிப்போட்டவள் நான். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

கட்டிலில் கவி உட்கார்ந்திருந்தாள். மடியில் அம்மிக் குழவி. அதைக் குழந்தையைப்போல் இறுக்கி அணைத்திருந்தாள்.

"என்னடி இது, கொழவியப் போயி கட்டிக்கிட்டு?"

"வுட்டா போயிடுவேன் அக்கா."

"எங்க போயிடுவ?"

அவள் கண்ணால் மேலே காட்டினாள்.

பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்கு அழுகை வந்தது. குழவியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, எழுந்திருடி என்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன்.

கனமே இல்லை.

காலிக் கூடையைத் தூக்கியதுபோல் என் கைக்கு வந்தாள். நான் தூக்குவதை நிறுத்திய பிறகும் அவள் மேலே போய்க்கொண்டிருந்தாள். அலறியடித்துக்கொண்டு இழுத்து உட்கார வைத்து, குழவியைத் திரும்ப மடியில் போட்டேன்.

அப்போதுதான் நிழல்களைக் கவனித்தேன். ஜன்னல் வெயில் எங்கள் இருவர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. என் நிழல் எனக்குப் பின்னால் சுவரில் இருந்தது.

அவள் நிழல் ஜன்னலை நோக்கிப் போயிருந்தது.

இந்தத் தப்பு எனக்குத் தெரிந்த தப்பு. ஆட்டோவில் வரும்போதுகூடத் தெருமுனையில் பார்த்தேன். செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினேன்.

தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருந்தது அஞ்சலாட்சியின் பேனர். கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் கூடையோடு வந்து இந்தத் தெருவில் வாழ்நாள் முழுக்க விற்ற அம்மா. முகம் அந்த அம்மாவின் முகம்தான், வெயிலில் காய்ந்து சுருங்கிய முகம். கழுத்துக்குக் கீழே கடுகு மஞ்சள் பட்டுப் புடவை. அது கவி கல்யாணத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த புடவை. கும்பிட்ட கையில், மணிக்கட்டுக்கு மேலே, அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்த தழும்பு. அந்தத் தழும்புக்கு மருந்து போட்டதே நான்தான்.

திரும்பி வந்து அவன் சட்டையைப் பிடித்தேன்.

"மொகம் மட்டுந்தான் இருந்துது அக்கா, ஆதார் கார்டுல," என்றான் ராஜ்கமல். "ஒடம்பு வேணும்ல. எல்லாக் கடையிலயும் செய்யறதுதான். வேற யார் படத்துலயாவது தலைய எடுத்துட்டு இந்தத் தலைய வெப்போம்."

"அதுக்கு உசிரோட இருக்கறவ ஒடம்பா?"

"கடையில இருக்கற ஒடம்புங்க எல்லாம் மரம் மாதிரி நிக்குது. கவி படத்துல வெளிச்சம் நல்லா விழுந்திருந்துது. அதுக்குந்தான் தெரியும், சிரிச்சிக்கிட்டுதான் பாத்துது."

அறைந்திருப்பேன். அதற்குள் பின் அறையிலிருந்து ஒரு குரல் வந்தது. தெரு முழுக்கக் கூவிக் கூவித் தேய்ந்த கரகரத்த குரல். வந்தது என் தங்கையின் வாயிலிருந்து.

"காலுக்குக் கீழ ஒண்ணுமில்ல கண்ணு."

ராஜ்கமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு சூரியன். நெழலுக்கு ஒதுங்கலாம்னு போனா, நெழலு சூரியன்கிட்டப் போயி நிக்குது."

"யாரும்மா நீங்க?" என்றேன், தெரிந்துகொண்டே.

"மூச்சு வுடக் காத்து இல்ல. ஒரு தடவ செத்தது போதாதா?"

கவியின் கண் கூரையைப் பார்த்தபடி இருந்தது. இமைக்கவில்லை.

"அழகாத்தான் இருக்குது. கண்ண மூடவும் முடியல. எறக்கி வுடச் சொல்லு. இல்லன்னா இந்தப் பொண்ணு ஒடம்புதான் எனக்கு ஒடம்பு. இது இருக்கற எடத்துல நான், நான் இருக்கற எடத்துல இது."

அன்று சாயங்காலம் கனகசெட்டிக்குளத்தில் அந்த அம்மாவுக்குப் படத்திறப்பு. அதற்குள் படத்தை மாற்றியாக வேண்டும். அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு சூரியனை அழி. அருவியைத் தூக்கு. பாறையை எடுத்துவிட்டு மண்தரை போடு. ஒரு மரம் வை, நிழலை மரத்துக்கு அந்தப் பக்கம் போடு. கவியின் உடம்பை எடுத்துவிட்டு, செத்துப்போன எங்கள் அம்மா பாயில் உட்கார்ந்திருக்கும் படத்தை என் போனிலிருந்து கொடுத்தேன்.

"அசிங்கமா இருக்குது அக்கா," என்றான் ராஜ்கமல், கண்ணில் நீரோடு. பெண்டாட்டிக்காக வந்த கண்ணீர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

நிழலைத் திருப்பியபோது பின் அறையில் கவியின் நிழல் சுவருக்குத் திரும்பியது. தரையைப் போட்டபோது குழவியை அவளே இறக்கி வைத்தாள். தண்ணீர் கேட்டாள். டம்ளரில் தண்ணீர் மேலே எழும்பாமல் அடங்கி நின்றது. என் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

"பசிக்குது அக்கா," என்றாள்.

அவன் புதுப் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பைக்கில் போனான். நான் தெருமுனைக்குப் போய் அரிவாள்மனையால் கயிற்றை அறுத்துப் பேனரை இறக்கிச் சுருட்டினேன். பிறகு கஞ்சி வைத்து ஊட்டினேன். இருந்தாலும் மனசு கேட்காமல், புடவையைத் திரித்து அவள் காலை இரும்புக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவைத்தேன். அவள் சிரித்தாள், சின்ன வயதில் தூளியில் கட்டிப்போட்டபோது சிரித்ததுபோல்.

வெயில் சாயும் நேரத்தில் ராஜ்கமலின் போனிலிருந்து அழைப்பு வந்தது. அஞ்சலாட்சியின் மகன் தமிழ்மாறன் பேசினார்.

"டீச்சர், எங்கம்மா வெயில்ல கூடைய வெச்சிக்கிட்டு ஒக்காந்தே செத்துது. செத்தும் மண்ணுலதான் ஒக்காரணுமா? மொதல்ல ஒரு படம் அனுப்பிச்சாரே, அதுல ராணி மாதிரி நிக்குது. அதையே லைட்டு வெச்ச போர்டுல போட்டாச்சு."

"தமிழ்மாறன், தயவுசெஞ்சு அதத் தெறக்காதீங்க. உங்கம்மாவுக்கு அங்க மூச்சு முட்டுது."



"உசிரோட இருந்தப்ப ஒரு நல்ல எடத்துக்கு நான் கூட்டிட்டுப் போனதில்ல டீச்சர்," என்றார் அவர். "இப்பவாவது இருக்கட்டும்."

போன் ராஜ்கமல் கைக்கு மாறியது. நீயாவது சொல்லு, உன் பெண்டாட்டி உயிர் என்று கத்தினேன். பின்னால் பறை அடிக்கத் தொடங்கியிருந்தது.

"தெறந்துட்டாங்க அக்கா," என்றான். "ஊரே அழுவுது. எம்படத்தப் பாத்து ஊரே அழுவுது." அவன் குரலில் பயம் இருந்தது. பயத்துக்குப் பின்னால் பெருமையும் இருந்தது. அதை இந்த ஜென்மத்தில் மன்னிக்க மாட்டேன்.

பறைச் சத்தம் பாதியில் நின்றது.

போனில் நிற்கவில்லை. அறையில் நின்றது.

என் கையில் இருந்த கவியின் கை சில்லிட்டு மேலே போனது.

கட்டியிருந்த புடவை, கட்டிலிலிருந்து கூரையை நோக்கி, கம்பிபோல் விறைத்து நின்றது. அதன் மேல் முனையில் என் தங்கை இருந்தாள். ஓட்டுச் சட்டத்தில் முதுகு ஒட்டியிருக்க, தண்ணீருக்குள் இருப்பவள்போல் தலைமுடி விரிந்து கிடந்தது. புடவையைப் பிடித்து இழுத்தேன். தொங்கிக்கூடப் பார்த்தேன். அவள் வாய் திறந்து திறந்து மூடியது, ஒரு சத்தமும் வரவில்லை. ஓட்டு இடுக்கில் வந்த வெளிச்சத்தில் முகம் நீலம் பாரித்தது. ஆனால் அவள் கண் எதையோ சுற்றிச் சுற்றிப் பார்த்தது. திருவிழாவில் தோளில் தூக்கி வைத்த குழந்தை பார்க்குமே, அந்தப் பார்வை. கடைசியாக அவள் உதடு அசைந்தது. சத்தமில்லாவிட்டாலும் எனக்குப் புரிந்தது.

அழகா இருக்குது அக்கா.

பிறகு கனம் முழுக்க ஒரேயடியாகத் திரும்ப வந்து அவள் தரையில் விழுந்தாள். தூக்கிக் கிடத்த நாலு பேர் வேண்டியிருந்தது. ஜன்னல் திறந்திருந்த அறையில் மூச்சுத் திணறிச் செத்திருக்கிறாள் என்றால் எப்படி என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

அவளுக்குப் பேனர் வேண்டாம் என்று ராஜ்கமலின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். சரி சரி என்று தலையாட்டினான். கருமாதிக்கு முந்தின நாள், அஞ்சலாட்சியின் பேனரை நான் இறக்கிய அதே கம்பத்தில் கவிநிலா நின்றாள். கடுகு மஞ்சள் பட்டு, கும்பிட்ட கை. பின்னால் அவன் இதுவரை செய்ததிலேயே பெரிய வானம். மூன்று சூரியன்கள் இருந்தன. காலடியில் பாறைகூட இல்லை.

"இதவிட நல்லா நான் செஞ்சதே இல்ல அக்கா," என்று தேம்பினான். "கவிக்காக ராத்திரி பகலா ஒக்காந்து செஞ்சேன்."

கடையில் கூட்டம் நிற்கிறது. அதே மாதிரி வேண்டும் என்று கேட்கிறார்கள். குறிப்பாக அந்தக் கை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. கும்பிட்ட கை ஒன்று பிரிந்து, படத்தைச் சுற்றி அச்சடித்த கறுப்புக் கட்டத்தை எட்டிப் பிடித்திருக்கிறது. விரல்கள் கட்டத்துக்கு வெளியே வந்து வளைந்திருக்கின்றன. நிஜம் மாதிரியே இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

"கும்பிட்ட மாதிரிதான் வெச்சேன் அக்கா," என்கிறான் ராஜ்கமல். "சத்தியமா அந்தக் கைய நான் பிரிக்கல."

அரிவாள்மனையோடு நானும் அந்தக் கம்பத்தடிக்குப் போனேன். கயிற்றில் வைத்த கத்தியைத் திரும்ப எடுத்துவிட்டேன். அதை அறுத்தால் அவள் பிடித்துக்கொள்ள என்ன இருக்கும்? இப்போது பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறேன். கடல்காற்று தூக்கும்போதெல்லாம் போய்க் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறேன்.

நேற்று ஐந்து விரலும் கட்டத்துக்கு வெளியே இருந்தன.

இன்று காலையில் பார்த்தபோது மூன்றுதான் தெரிந்தன.