ஒன்பது நிமிடத் தூரம்

டொராண்டோவிலிருந்து நன்மாறன் பதினொரு நிமிடத்தில் திருச்சியில் இறங்கி, முசிறிக்குப் போய், செத்துப்போன அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தும் விட்டான். பக்கத்துத் தொட்டியத்திலிருந்து விடியலிலேயே கிளம்பிய தாய்மாமன் பொன்னுரங்கம்தான் இன்னும் வழியில் இருந்தார். பொழுது சாயப் போகிறது.

வண்டியின் முன்கூடையில் கோடிச்சேலை. பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணைத் தூக்க மாட்டார்கள். செத்துப்போன தங்கை அங்கம்மாளுக்குக் கூடப்பிறந்தவர் இவர் ஒருவர்தான்.

தொட்டியத்துக்கும் முசிறிக்கும் பதினான்கே கிலோமீட்டராக இருந்த காலம் உண்டு. வீட்டில் மீன்குழம்பு வைத்தால் சூடு ஆறுமுன் தூக்குவாளியில் தங்கைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்புறம் தொலைமடிப்பான் வந்தது. இரண்டு நகரங்களுக்கு நடுவே கிடக்கிற தூரத்தை மடித்து வைக்கும் இயந்திரம். மடித்த தூரம் காணாமல் போய்விடுமா என்ன? தண்ணீர்ப் பையை இங்கே அழுத்தினால் அங்கே புடைக்கிற மாதிரி, அது வேறெங்கோ ஒரு சாலையில் போய்ப் புடைக்கும். எந்தச் சாலை என்று யாராலும் சொல்ல முடியாது. டொராண்டோ–திருச்சித் தூரத்தை மடித்தபோது அதில் ஒரு துண்டு விழுந்தது இந்தச் சாலையில். பதினான்கு, முந்நூற்றுப் பத்து ஆயிற்று. நடுவில் புது ஊர் ஒன்றும் முளைக்கவில்லை; அதே வாழைத்தோட்டங்கள்தான், இழுத்து நீட்டினாற்போல. பேருந்து நின்றது. அண்ணனும் தங்கையும் கைபேசியில் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

மடிப்பு வேண்டுமென்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் பொன்னுரங்கமேதான். “ஒத்தப் புள்ளைய நெனச்சப்ப பாக்கணும்ண்ணே” என்று தங்கை அழுதாளே, பாவம், என்ன செய்வார்? போன மாதம் இரண்டாவது மனுவுக்கும் அவரே அலைந்தார்.

“பதினொரு நிமிசத்துல காது அடச்சிக்குதாம்ண்ணே. ஒம்பதா கொறச்சா தேவலையாம்.”

“உம் மவன் பெரிய தொர!” என்று சிரித்தார். புடைப்பதெல்லாம் நம் சாலையில் புடைத்து முடிந்தது, இனி வேறு யார் தலையிலோ விழட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

கைபேசி கூப்பிட்டது. நன்மாறன்.

“மாமா, எங்க இருக்கீங்க? இருட்டுறதுக்குள்ள எடுக்கணும்ங்கிறாங்க.”

“பந்தல் தெரியுது மாப்ளே! மேளச் சத்தம்கூட கேக்குது. அஞ்சே நிமிசம். தூக்கிறாதீங்கடா!”

“நீங்க வராம தூக்க விடமாட்டேன் மாமா. அம்மா கடைசியா உங்களத்தான் கேட்டுச்சாம். ‘எங்கண்ணன் வந்துட்டாரா, வந்துட்டாரா’ன்னு.”

பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை முடுக்கினார். கைபேசி ஒரு முறை சிணுங்கி, ஒரு பெண்குரல் தானாகவே பேசியது:

“அன்பான மனுதாரரே! இந்த நொடி முதல் டொராண்டோ–திருச்சி பயண நேரம் ஒன்பது நிமிடம். தங்கள் கையெழுத்துக்கு நன்றி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பந்தல் தீப்பெட்டி அளவாயிற்று. அப்புறம் கடுகாயிற்று. அப்புறம் வாழைதான், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. மேளச் சத்தம் அறுந்துபோயிருந்தது.

வண்டியை நிறுத்தினார். கோடிச்சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கைபேசி மறுபடியும் கூப்பிட்டது.

“மாமா, எல்லாரும் தெருமுனையையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எங்க இருக்கீங்க?”

“பக்கத்துலதான் மாப்ளே இருந்தேன்” என்றார் பொன்னுரங்கம். “இப்பத்தான்... பக்கத்துலதான் இருந்தேன்.”