முப்பது தப்படி தள்ளி

டீச்சர் வந்தபோது ஆய்வாளர் வெந்நீர் வாளியில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கடைகளையும் காணாமல்போன லாரிகளையும் தேடி அலைந்து ஓய்ந்த கால்கள் அவை. ஓய்வு பெற்ற பிறகு யார் எதைக் கேட்டு வந்தாலும் முடியாது என்று சொல்லிவிட வேண்டுமென்று தினமும் காலையில் முடிவெடுப்பார். சொல்லத்தான் வாய் வராது.

"மரத்தை அறுத்துட்டாங்க சார்," என்றார் டீச்சர். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார்.

ஆய்வாளரின் மனைவிக்கு ஒரு தம்பி. பக்கத்துத் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். வம்பு என்று ஒன்று காதில் விழுந்தால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடி வந்துவிடுவார். இப்போதும் டீச்சருக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்றார்.

விஷயம் இதுதான். ஊருக்கு மேற்கே மிஞ்சியிருப்பது நாற்பது ஏக்கர் காடு. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு புறவழிச்சாலை போட நகராட்சி தீர்மானித்திருந்தது. பள்ளியில் உயிரியல் நடத்தும் டீச்சர் பதினொரு வருடமாக மனு எழுதி எழுதியே தேய்ந்தவர். இந்த வருடம்தான் ஒரு பிடி கிடைத்தது. பட்டுப்போன ஒரு பெரிய மரத்தின் பொந்தில் வெள்ளைமூஞ்சி ஆந்தை ஒரு ஜோடி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. அந்த ஆந்தை குஞ்சு வளர்க்கும் காட்டில் சாலை போடச் சட்டத்தில் இடமில்லை. நாளை, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, வனத்துறை அதிகாரி கூட்டை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. ஞாயிறு பிற்பகல் கொட்டிய மழையில் யாரோ மெஷின் வைத்து அந்த மரத்தை அறுத்துத் தள்ளிவிட்டார்கள்.

"எங்க காடு பாதுகாப்புக் குழு ஆபீஸ் பீரோவையும் உடைச்சிருக்காங்க. கூடு இருக்கிற இடத்தைக் குறிச்ச மேப் காணோம்."

"கான்ட்ராக்டர் ஆளுங்க வேலை," என்றார் மருந்துக்கடைக்காரர். "இதுல துப்பறிய என்ன இருக்கு அத்தான்? நேரா போலீசுக்குப் போவோம்."

ஆய்வாளர் காலைத் துடைத்துக்கொண்டார். "மேப் இல்லாமலே அந்த மரம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"மூணு பேருக்கு. எனக்கு, காட்டுக் காவலருக்கு, பல் டாக்டருக்கு. டாக்டர் எட்டு வருஷமா எங்களோட இருக்கார். போட்டோவெல்லாம் அவர் எடுத்ததுதான். ஆனா எல்லாரும் காவலரைத்தான் கை காட்டுறாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவருக்கு லீவு. தெரிஞ்சேதான் போனார்னு பேசுறாங்க."

"காட்டுக்குள்ள போகலன்னா ரோடு எந்தப் பக்கம் போகும்?"

"தெற்கே, புது காலனி வழியா. முப்பது வீடு போகும். நஷ்டஈடு குடுத்துடுவாங்க." இந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லிச் சலித்த குரல். "மேப்போட நகல் ஒண்ணு என் பையில இருக்கு சார். வர்றீங்களா?"

வாளித் தண்ணீர் இன்னும் ஆறவில்லை. ஆய்வாளர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

காட்டின் முகப்பில் காவலர் காத்திருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். ஒரு காலத்தில் மரம் வெட்டிப் பிழைத்தவர், இப்போது அதே மரங்களுக்குக் காவல். இரண்டு நாளாக யாரும் தன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

விழுந்து கிடந்த மரம் அடியிலிருந்து இரண்டாள் உயரத்துக்கு நெடுகப் பிளந்திருந்தது. காவலர் அதைக் காலால் தட்டினார். "விழுற பக்கம் முதல்ல ஒரு வெட்டு வாய் போடணும் சார். அப்புறம்தான் பின்னால அறுக்கணும். வாய் போடாம அறுத்தா மரம் இப்படித்தான் பிளந்து எகிறும். அறுத்தவன் தலை தப்பினது ஆண்டவன் புண்ணியம்."

மருந்துக்கடைக்காரர் ஈர மண்ணில் குனிந்து எதையோ கண்டுபிடித்துவிட்ட பூரிப்பில் நிமிர்ந்தார். அடிமரத்தை ஒட்டி, ஒரு முழ இடைவெளியில், இரண்டு ஆழமான குழிகள் இருந்தன.

"ஏணிக்கால்," என்றார் ஆய்வாளர். "பொந்துல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல," என்றார் டீச்சர். "குஞ்சு செத்துக் கிடக்கும்னு பயந்துக்கிட்டே தேடினேன். ஒரு இறகுகூட இல்ல."

ஆய்வாளர் நகலை விரித்தார். காட்டின் நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதை, அதில் ஒரு பாறை, பாறையிலிருந்து வடக்கே எண்பது தப்படி, அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. அவர் பாறையில் தொடங்கி மெல்ல எண்ணிக்கொண்டே நடந்தார். எண்பதாவது தப்படியில் எதிரே நின்றது வேறொரு மரம். பச்சையாக, பொந்து எதுவும் இல்லாமல், முழுசாக நின்றது.

"மேப் தப்பா இருக்கே," என்றார் மருந்துக்கடைக்காரர்.

காவலரும் டீச்சரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வேணும்னு செஞ்சது சார்," என்றார் டீச்சர். "பத்து வருஷம் முன்னால ஒருத்தன் மேப்பைப் பார்த்துட்டுக் குஞ்சைத் திருடி வித்துட்டான். அன்னிலேருந்து எந்தக் கூடா இருந்தாலும் புள்ளியை முப்பது தப்படி கிழக்கே தள்ளித்தான் வைப்போம். நான் வரைவேன், இவர் அளந்து சொல்வார். வெளியில மூச்சு விட்டதில்ல."

ஆய்வாளர் நகலை நான்காக மடித்துப் பையில் வைத்தார்.

பல் டாக்டரின் கிளினிக் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்தது. காத்திருக்கும் அறையில் கன்னம் வீங்கிய இரண்டு பேர். எக்ஸ்ரே அறையில் பூட்டுத் தொங்கியது, 'மெஷின் வேலை செய்யாது' என்று ஒரு அட்டை. மேஜைக்குப் பின்னால் ஒரு போட்டோ: புது வீட்டின் முன் சாவியைப் பிடித்தபடி ஒரு பெண், பக்கத்தில் டாக்டர்.

"யாரு சார் இது?" என்று மருந்துக்கடைக்காரர் உரிமையோடு கேட்டார்.

"தங்கச்சி. புருஷன் போனதுக்கப்புறம் தனியாவே நின்னு கட்டினா. புது காலனியில." டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. "கண்டுபிடிச்சு என்ன சார் ஆகப்போகுது? கான்ட்ராக்டரை யாரு தட்டிக் கேக்கிறது?"

"எந்த மரம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

"மேப்தான் போயிடுச்சே. அது கையில கிடைச்சா கண்ணைக் கட்டிக்கிட்டுப் போய்க்கூட மரத்தைத் தொடலாம். டீச்சர் அவ்வளவு துல்லியமா வரைவாங்க."

ஆய்வாளர் தலையாட்டினார். படி இறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "மச்சான், நாலு மணிக்கு எல்லாரையும் குழு ஆபீசுக்கு வரச் சொல்லு," என்றார். அவர் குரலில் உற்சாகம் இல்லை.

குழு ஆபீஸ் என்பது பழைய நூலகத்தின் பின்னறை. உடைந்த பீரோ, நான்கு நாற்காலி, ஆடும் மேஜை. காவலர் உட்காராமல் கதவோரம் நின்றார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"சுருக்கமா சொல்லிடறேன்," என்றார் ஆய்வாளர். "மேப்பை நம்பி வந்தவன் தப்பான மரத்தைத்தான் அறுத்திருப்பான். ஏன்னா மேப்ல இருக்கிற புள்ளி நிஜ மரத்திலேருந்து முப்பது தப்படி தள்ளி இருக்கு. அறுபட்டது சரியான மரம். அப்படின்னா அறுத்தவருக்கு மேப் தேவைப்படல. மரத்துக்கே நடந்து போய்ப் பழகினவர்."

டாக்டர் மெதுவாக டீச்சர் பக்கம் திரும்பினார். "தள்ளியா?"

"தேவைப்படாத மேப்பை எதுக்குத் திருடணும்? வெளியாள் வந்த மாதிரி காட்டறதுக்கு. அந்த மேப் மரத்துக்குக் கூட்டிட்டுப் போகாதுன்னு தெரிஞ்சவங்க இந்த வேலையைச் செய்ய மாட்டாங்க. டீச்சருக்கும் காவலருக்கும் அது தெரியும். காவலர் அறுத்திருந்தா மரம் பிளந்திருக்காது. மேப் சரின்னு நம்பிக்கிட்டிருந்தவர் ஒரே ஒருத்தர். இன்னிக்குக் காலையில அவரே என்கிட்ட சொன்னார்."

மருந்துக்கடைக்காரர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"கான்ட்ராக்டர் ஆளா இருந்தா ஏணி போட்டுக் குஞ்சை எடுத்து வெச்சுட்டா மரத்தை அறுப்பான்?" ஆய்வாளர் டாக்டரின் விரலைப் பார்த்தார். "தங்கச்சி வீடு புது காலனியிலன்னு நீங்களே சொன்னீங்க. குஞ்சு எக்ஸ்ரே ரூம்லதானே இருக்கு?"

"இருட்டா இருக்குமேன்னு," என்றார் டாக்டர். "மூணும் உயிரோட இருக்கு. இடுக்கியிலதான் கறி ஊட்டறேன். சின்னது மட்டும் சரியாச் சாப்பிட மாட்டேங்குது."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமா நிம்மதியா என்று அவருக்கே பிடிபடவில்லை. "ரோடு உங்க தங்கச்சி வீட்டு வழியா வரும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டர்."

"சொல்லியிருந்தா விட்டுட்டிருப்பீங்களா?"

டீச்சர் விட்டிருக்க மாட்டார். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கதவோரம் நின்ற காவலர் ஓரடி முன்னால் வந்தார். "தாயும் தகப்பனும் நேத்து சாயந்திரமும் அங்கேயே கத்திக்கிட்டு இருந்துச்சு. பக்கத்து மரத்துல ஒரு பெட்டியைக் கட்டிக் குஞ்சை வெச்சா, குரல் கேட்டு வந்து இரை குடுக்கும். இன்னிக்கே வைக்கணும். நாளைக்கின்னா அதுங்களும் போயிடும்." பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னார், "ரெண்டு நாளா ஊரே என்னைத் திருடன்னுச்சு. நீங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க."

குஞ்சுகளைக் கொடுத்தால் தங்கையின் வீடு போகும். கொடுக்காவிட்டால் மூன்றும் அந்த இருட்டறையிலேயே முடியும். ஆய்வாளர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் டாக்டர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, காவலரின் கையில் வைத்தார்.

வெளிச்சம் மங்குவதற்குள் பெட்டி ஏறிவிட்டது. காவலர் ஏணி இல்லாமலே ஏறினார். ஐந்து பேரும் புதருக்குப் பின்னால் குந்தியிருக்க, வெள்ளைமூஞ்சி ஒன்று சத்தமில்லாமல் வந்து பெட்டி விளிம்பில் உட்கார்ந்தது. அதன் வாயில் ஒரு எலி தொங்கியது. யாரும் கை தட்டவில்லை. மறுநாள் அதிகாரி கால் மணி நேரம் தொலைநோக்கியில் பார்த்து, மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். காடு பிழைத்தது.

"நீங்களும் வர்றீங்களா டீச்சர்?" என்று டாக்டர் கேட்டார். "தனியாப் போய்ச் சொல்ல எனக்குத் தெம்பில்ல."

பதினொரு வருடம் போராடி ஜெயித்த அன்று டீச்சர் புது காலனிக்கு நடந்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று ஒருமுறை முயன்று பார்த்தார், வரவில்லை. ஆய்வாளரும் அவர் மைத்துனரும் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்கள்.

டாக்டரின் தங்கை வாசலில் பிரஷ்ஷும் கையுமாக இருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"கேட்டைத் தொட்டுடாதண்ணே, இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன்," என்றாள். "டீச்சர், நீங்களும் பாத்து வாங்க. காயறதுக்கு ரெண்டு நாளாகும்."